உன் சொல்லை நான் சொன்ன நாள்

நேற்று லுணுகலைக் கடையில் சீனிப் பொட்டலத்தைக் கட்டிய நூலில் பெரிய முடிச்சு ஒன்றும் சின்ன முடிச்சு இரண்டும் விழுந்தன. பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டேன். "என்னக்கா, நூலு கடிச்சிருச்சா?" என்றார் கடைக்காரர். ஊரையே கேலி செய்யும் நான் காசை வைத்துவிட்டு வெளியே வந்தேன். நீ கண்ணை மூடி ஆறு மாதமாகிறது. இரண்டாம் வகுப்பு எழுத்தில் இதை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ஒருத்தியின் கடுதாசியை இன்னொருத்தி வாங்கிப் பிரித்து, தோட்டத்து லயத்து வீடுகளே சிரித்த காலம் அது. அதற்குத் தபால் பை சுமக்கும் பெரியவர் ஒரு வழி வைத்தார். வீட்டுக்கு ஒரு ரகசியச் சொல். அவரவர் குடியிருக்கும் காம்பராவின் இலக்கத்தோடு சேர்த்து அதை அவர் காதில் சொல்ல வேண்டும். நீட்டிச் சொன்ன ஓசைக்குப் பெரிய முடிச்சு, வெட்டிச் சொன்னதற்குச் சின்ன முடிச்சு. அந்த நூலைப் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டிவிட்டுச் சொல்லை மறந்துவிடுவார். கடுதாசி வந்தால் மறுபடி சொல்ல வேண்டும். புது நூலில் முடிந்து பழையதோடு ஒட்டிப் பார்ப்பார்.

"ரெண்டு பேரு முருகான்னு வச்சாலும் காம்பரா வேற, நூலு வேற," என்பார். அவர் கால் வீங்கிய நாட்களில் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பண்டா வருவான். தமிழ் தெரியாது. ஆனாலும் ஓசையைக் கேட்டு அவன் முடிந்த நூல் பெரியவர் நூலைப் போலவே இருக்கும்.

"சுவத்துல தொங்குறதப் பாத்து ரகசியச் சொல்லக் கண்டுபிடிக்க எவளாலயும் முடியாது," என்றார் பெரியவர் ஒருநாள். முடியாது என்றால் எனக்குக் கை ஊறும், உனக்குத்தான் தெரியுமே.

உன் காம்பரா இலக்கம் தெரிந்ததுதான். சாமி பேரெல்லாம் முடிந்து பார்த்தேன், பொருந்தவில்லை. உன் புருஷன் பேரும் தோற்றது. கடைசியில் உன் பசுவின் பேர். வெள்ளச்சி. அச்சு அசல்.

அந்தப் புதன்கிழமை பண்டா உன் கடுதாசியோடு வந்தபோது நீ மேல்மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாய். நான் போய்ச் சொன்னேன். அவனுக்கு நம் முகங்கள் தெரியாது, முடிச்சுதான் தெரியும். ஒட்டிப் பார்த்துக் கொடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பீலித் தண்ணீரில் குளிக்கும்போது உன்னைக் கெஞ்சவைத்துக் கொடுக்கலாம் என்று அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். வியாழக்கிழமை நீ பெரியவரிடம் கேட்டாய்: "எங்க ஆத்தா கடுதாசி வரலீங்களா?"

"என் பையில இல்லயே புள்ள."

நான் பக்கத்தில் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடுதாசியைத் தூக்கிப் பிடித்து, "ஆடுனாத்தான் தருவேன்," என்றேன். ஈரச் சேலையோடு நீ இரண்டு சுற்று ஆடவும் செய்தாய். பிறகு கணக்கப்பிள்ளை சம்சாரம் படித்தாள். உன் ஆத்தா இந்தியாவுக்குப் போகும் நாள் வந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை காலை வண்டிக்குப் பதுளை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி, 'மொகத்தப் பாத்துட்டுப் போறேன்' என்று எழுதச் சொல்லியிருந்தாள். வண்டி போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

"நான் ஒறையக்கூடப் பிரிக்கலடி," என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். "பிரிச்சிருந்தாலாச்சும் ஓடியாந்திருப்ப."

அதற்குமேல் நீ ஏசவில்லை. ஆத்தாவை நீ மறுபடி பார்க்கவும் இல்லை.

திங்கட்கிழமை சுவரில் உன் நூல் மாறியிருந்தது; வேறு சொல் வைத்துவிட்டாய். அதன் பிறகு எட்டு வருஷம் பக்கத்து நிரையிலேயே கொழுந்தெடுத்தோம். என் கேலிக்குச் சிரித்தாய், வெள்ளச்சியின் பாலைத் தந்தாய். தினமும் பெரட்டில் அந்த நூல் என் கண்ணுக்கு நேரே தொங்கியது. விரல் தானாக முடிச்சை எண்ணப் பார்க்கும். தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

உன் காரியம் முடிந்த அன்று உன் புருஷன் நூலைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். "எந்த ரகசியச் சொல்லங்க வச்சிருந்தா?"

"தெரியாதுங்க."

"ஒங்களுக்கா தெரியாது?" என்று அழுகையிலும் சிரித்தார். இது என் இன்னொரு கேலி என்று நினைத்திருப்பார்.

மறுபடியும் தெரியாது என்றுதான் சொன்னேன். உன் பொருளில் நான் கை வைக்காமல் விட்டது அது ஒன்றுதான்.