பிண்ணாக்குக் கோணியில் வந்த பிள்ளையின் உடைமை

திருவும் நீரும் குன்றாத மருதவளநாட்டின் அரியணையில் அமர்ந்து குடிகாக்கும் அரசி கோப்பெருநங்கை, வடகரைக் கூற்றத்துத் தலைவர் எயினங் கீரனாருக்கு விடுக்கும் ஓலை. உம் ஏரிகள் நிறைக, ஆநிரை பெருகுக, மனையில் நலம் நிலவுக. வாழ்த்துவது முறையாதலின் வாழ்த்தினோம். இனி நம் சினத்தைக் கேளும்.

ஆண்டுதோறும் நீர் அனுப்பும் மாங்கனிகள் நேற்று வந்து சேர்ந்தன. வைக்கோல் பரப்பி, பட்டுப் போர்த்தி, ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கிப் பல்லக்கில் கொணர்ந்தார்கள். அதன் பின்னே புழுதி குடித்துக்கொண்டு ஒரு சிறுமி நடந்து வந்தாள்.

அவள் பெயர் சேந்தி. எல்லைப் போரில் நமக்காக உயிர்விட்ட வீரனின் மகள், தாயும் இல்லை. இத்தகைய பிள்ளைகளைக் குடிகளின் மனைகளில் வைத்து வளர்ப்பது நம் நாட்டு முறையென்பதை நீர் அறிவீர். அவளை வளர்த்த குயவர் மனையாள் நோயில் விழுந்தமையால், தலைநகரிலுள்ள நெசவாளர் மனைக்கு அவளை மாற்றுமாறு உம்மைப் பணித்தோம். மாற்றிய விதமன்றோ நெஞ்சை எரிக்கிறது! அவளுடைய சிற்றாடைகளையும், தாய் விட்டுப்போன வெண்கலச் சிலம்பையும், ஒரு மரப்பாச்சியையும் உம் தொழுவத்துப் பிண்ணாக்குக் கோணியில் திணித்து அவள் தலையிலேயே ஏற்றியிருக்கிறார்கள். உம் ஏவலரை வினவினோம். அநாதைப் பிள்ளையின் சாமானை எதில் கட்டினால் என்னவென்று தலைவரே கூறியதாகச் சொன்னார்கள்.

நெசவாளர் வாசல்வரை வந்தவள் உள்ளே போகவில்லை. அம்மனையாள் செங்கமலம் கைபிடித்து அழைத்தும் அசையவில்லை. நாமே சென்று கேட்டோம். தலை நிமிராமல் சொன்னாள்: "எல்லாம் மாட்டுத்தீனி நாத்தம் அடிக்குதும்மா. இதோட உள்ள போனா, என்னையும் கொட்டில்லதான் படுக்கச் சொல்லுவாங்க."

கீரனாரே, கேட்டு நாம் கூசிப்போனோம். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமென்று நம் அவையில் முழங்கியவர் நீர்தாமே? உம் மகளை மணமுடித்து அனுப்பிய நாளில் தெரு கொள்ளாமல் சீர்வண்டிகள் நின்றனவே! வெறுங்கையோடு போனால் புக்ககத்தில் மதிக்கமாட்டார்கள் என்று அஞ்சினீர். சேந்தியும் புது வீட்டுக்குத்தான் போகிறாள். அவளுக்கு மட்டும் மதிப்பு வேண்டாமா? உம் மாங்கனிகளை அரண்மனை மாடுகளுக்கு இட்டுவிட்டோம். நம் தொண்டையில் அவை இறங்கா.

ஆகவே ஆணையிடுகிறோம். இனி மனை மாறும் பிள்ளை எவராயினும், பூட்டும் திறவுகோலுமுள்ள மரப்பேழை அவருக்கு அளிக்கப்படுக. திறவுகோல் பிள்ளையிடமே இருக்கும். நம் அதிகாரிகளும் அதைத் திறக்கலாகாது. பிள்ளை விட்டுப்போகும் வீட்டார் புதுமனை வரை உடன்சென்று, பிள்ளையைப் பெயர்சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

முதற்பேழையை நீரே சுமந்து வருக. பல்லக்கு வேண்டா, நடந்தே வருக. சேந்தி இன்னும் நெசவாளர் வாசலில்தான் அமர்ந்திருக்கிறாள். செங்கமலம் சோறு பிசைந்து வெளியே கொண்டுவந்து ஊட்டுகிறாள். பேழையைச் சேந்தியின்முன் இறக்கி, செய்தது பிழையென்று உம் வாயால் சொல்லும். அவள் எழுந்து வீட்டுக்குள் போகும்வரை, வெயிலானாலும் மழையானாலும் நீரும் அந்த வாசலிலேயே இரும். அதன்பின்பே உமக்கு ஊர் திரும்ப விடை.

இது நம் கயல் இலச்சினை இட்ட ஓலை.