முதல் பதிவா, இரண்டாவதா?

கொண்டப்பநாயக்கன்பட்டி
5.3.2025

அன்பு மைதிலிக்கு,

நலம். நீயும் உன் அப்பாவும் நலம்தானே? போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டையாகிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். வீட்டுக்குத் தளம் போட வைத்திருந்த பணத்தை எடுத்து, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அனலாக் சிந்தசைசர் என்கிற அந்தப் பழைய பாணி கீபோர்டுக்கு முன்பணம் கொடுத்தது தப்பு. நீ பெட்டியோடு அப்பா வீட்டுக்குக் கிளம்பிப் போனதும் நியாயம். இன்னும் மூன்றரை லட்சம் கட்ட வேண்டும். பத்து நாள் வாசித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் கொடுத்திருக்கிறார்.

எங்கள் இசைக்குழுவில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எட்டாயிரம் ரூபாய் மென்பொருளை லேப்டாப்பில் போட்டால் அதே ஒலி வருமாம். எனக்கு ஆசை காதை அடைக்கிறது. நீ சொல். இதோடு வரும் பென்டிரைவில் ஒரே பாட்டை இரண்டு முறை வாசித்திருக்கிறேன், ஒன்று அனலாக், ஒன்று லேப்டாப். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிச் சத்தத்தை வைத்தே தண்ணீர் வந்ததைச் சொல்கிறவள் நீ. உனக்கு வித்தியாசம் தெரியாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

உன்,
கதிர்வேல்

திருச்செங்கோடு
8.3.2025

மாமாவுக்கு,

அப்பாவும் இரண்டு பதிவையும் கேட்டார். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குதுன்னு எழுதிப் போடு சாமி. பணமும் மிஞ்சும், நீயும் உன்ற ஊடு போய்ச் சேரலாம்" என்றார். அப்படி எழுத எனக்கும் ஆசைதான். கை வரவில்லை.

முதல் பதிவில் ஒரே கட்டையை இரண்டு முறை அழுத்தினாலும் ஒலி சற்று மாறி விழுகிறது. ஆள் மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது. இரண்டாவது, இஸ்திரி போட்ட சட்டை. முதலாவதுதான் அனலாக். ஐந்து முறை கேட்டேன், கோபத்தோடுதான். வாங்கிக்கொள்ளுங்கள்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

மைதிலி

கொண்டப்பநாயக்கன்பட்டி
11.3.2025

மைதிலி,

நீ சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. முதல் பதிவு லேப்டாப்.

அந்த மென்பொருளில் சுருதியைக் கொஞ்சம் அலைய விடுவதற்கு ஒரு திருகு இருக்கிறது. அதை நன்றாக ஏற்றி வைத்திருந்தேன். தானாகவே சுருதி அலைகிற அனலாக்கையோ, கச்சேரிக்கு முன்னால் செய்கிற பழக்கத்தில் ஒரு மணி நேரம் சூடாக விட்டு, சுருதி பிசகாமல் சேர்த்துவிட்டு வாசித்தேன்.

சனிக்கிழமை கடைக்குப் போய்த் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் சந்தோஷப்படுவேன்.

கதிர்வேல்

திருச்செங்கோடு
14.3.2025, காலை

மாமாவுக்கு,

இது என்ன சோதனை? ஒன்றை அலைய விட்டீர்கள், மற்றதை அடக்கி வைத்தீர்கள்! ஏமாந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஒரு திருகா என்னை ஐந்து முறை கேட்க வைத்தது? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டையும் ஒரே அளவுக்கு அலைய விட்டு என் முன்னால் வாசியுங்கள். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறேன். டிரம்ஸ் சேர்த்தும் ஒருமுறை வாசிக்க வேண்டும், அந்த இரைச்சலில் வித்தியாசம் யாருக்குக் கேட்கப்போகிறது என்று பார்ப்போம். பிறகு வாங்குவதா வேண்டாமா என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம். சேர்ந்து. அது இல்லாமல் போனதால்தான் நான் பெட்டியை எடுத்தேன்.

இதைக் கூரியரில் போடவில்லை. நம் வீட்டுக் கதவிடுக்கில் நானே செருகுகிறேன். படித்து முடித்ததும் கதவைத் திறங்கள், வெயில் ஏறுகிறது.

மைதிலி