உன் பிள்ளைக்கும் என் பிள்ளைக்குமான கணக்கு

இன்று காலை பார்சல் வந்தது. ஒன்றாம் வகுப்புக் கணக்குப் பயிற்சிப் புத்தகங்கள். பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் புதுத்தாளும் அச்சு மையும் கலந்த அந்த வாசனை எழும்பியது. பிள்ளைகள் இருவரும் புத்தகத்தை விரித்து, முகத்தை உள்ளே புதைத்து மோந்து பார்த்தார்கள். நீ இருந்திருந்தால் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டிருப்பாய். "நக்கோ டீ, நக்கோ. இந்த ஸ்மெல் வந்தாலே எனக்கு ஸ்கூல் ஞாபகம் வந்துடுது" என்றிருப்பாய். வேண்டாம் என்று ஒருநாளும் நீ சொன்னதில்லை, நக்கோதான். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த உன் தமிழுக்கும், திருநெல்வேலியிலிருந்து கணவரின் வேலைக்காக வந்த என் தமிழுக்கும் நடுவே முதல் நாளிலிருந்தே ஒரு சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த முதல் நாள் நான் சிரிக்கும் நிலையில் இல்லை. மகள் யாழினியை யூகேஜியிலிருந்து நிறுத்திவிட்டு வந்திருந்தேன். தினமும் காலையில் வயிற்று வலி என்பாள். ஷூவை எடுத்தாலே வாந்தி. டாக்டர் ஒன்றுமில்லை என்றார். கடைசியில் அவளே சொன்னாள்: வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து நின்று எண் சொல்ல வேண்டுமாம், தப்பாகச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்களாம். ஐந்து வயதுக் குழந்தை கணக்குக்குப் பயந்து வாந்தி எடுக்கிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. போவன்பள்ளி வீட்டின் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கதவைத் திறந்து நீ வெளியே வந்தாய். என்ன ஏது என்று கேட்கவில்லை. "உள்ள வா, சாய் போட்டிருக்கேன்" என்றாய். உன் மகன் ஜோயலை நீ பள்ளிக்கே அனுப்பியதில்லை என்று அன்றுதான் தெரிந்தது. வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் இன்னொரு அம்மா, அதுவும் எதிர்வீட்டில்.

ஆனால் உன் வழி எனக்குப் பிடிக்கவில்லை. நான் இன்ஜினியரிங் படித்தவள், எதையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன். லேப்டாப்பில் தேடித் தேடிக் கண் எரிந்தது. ஒருவர் மரக்கட்டைகளை வைத்துத்தான் தொடங்க வேண்டும் என்றார். இன்னொருவர் அபாகஸ் என்றார். தினமும் ஒரு பக்கம் எழுதினால் போதும் என்றது ஒரு நிறுவனம். ஏழு வயது வரை எண்ணையே காட்டாதீர்கள் என்றார் ஒரு வெளிநாட்டு அம்மா. இதற்கு நடுவே ஊரிலிருந்து அம்மாவின் போன். "ஏட்டி, இங்க எதுத்த வீட்டுப் புள்ள நூறு வரைக்கும் எழுதுது. நீ புள்ளைய வீட்ல வச்சிக்கிட்டு என்ன செய்யுத?" அந்தக் கேள்வி என் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இருப்பதிலேயே தடிமனான பயிற்சிப் புத்தகத்தை வாங்கினேன். தடிமனாக இருந்தால் எதுவும் விட்டுப்போகாது என்று நினைத்தேன்.

உன்னிடம் புத்தகமே கிடையாது. மொத்தக் காய்கறிச் சந்தைக்கு ஜோயலைக் கூட்டிப் போவாய். வாங்கி வந்ததைத் தரையில் கொட்டி, கத்திரிக்காயைப் பெரியது சிறியது என்று பிரிக்கச் சொல்வாய். பட்டாணி உரித்து இரண்டு கிண்ணத்தில் சமமாகப் போடச் சொல்வாய். தாயக்கட்டை உருட்டுவாய். இது கணக்கா விளையாட்டா என்று எனக்குச் சந்தேகம்.

ஒருநாள் உன் வீட்டில் உட்கார்ந்து, யாழினி எவ்வளவு தூரம் வந்துவிட்டாள் என்று காட்ட ஆசைப்பட்டேன். அவள் ஒன்றிலிருந்து நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். நீ கைதட்டினாய். பிறகு, "கண்ணு, ஆன்ட்டிக்கு அந்தக் கூடையிலிருந்து அஞ்சு எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வா" என்றாய். யாழினி போனாள். இரண்டு கையாலும் எவ்வளவு அள்ள முடியுமோ அவ்வளவு அள்ளிக்கொண்டு வந்து உன் மடியில் போட்டாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. "எத்தனைடா சொன்னாங்க ஆன்ட்டி?" என்று வாயெடுத்தேன். நீ என் முழங்காலை அழுத்தினாய். அவளிடம், "அரே, இவ்வளவு பழமா! ஜூஸ் போட்டு எல்லாருக்கும் குடுக்கலாம்" என்று மட்டும் சொன்னாய். அவள் சிரித்தாள். கணக்கு என்று ஒன்று நடந்த இடத்தில் என் மகள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அவள் சமையலறைக்கு ஓடிய பின், ஏன் என்பதற்குக் கைக்கு என்றே சொல்லும் உன் தமிழில் நீ மெல்லச் சொன்னாய்: "நூறு அவளுக்குப் பாட்டு மாதிரி டீ. அஞ்சு இன்னும் தெரியாது. கைக்கு இவ்வளவு டென்ஷன்? அஞ்சு எங்க போயிடப் போகுது?"

அதற்காக நீ சொன்னதெல்லாம் சரியாக இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீயே சிரிப்பாய். என் தடிமன் புத்தகம் காணாமல் போன கதை நினைவிருக்கிறதா? வீடு முழுக்கத் தேடினேன். யாழினி ஒளித்துவைத்திருப்பாள் என்று நினைத்தேன். கடைசியில் உன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில், ஜோயலின் கையில் கிடைத்தது. பக்கம் பக்கமாகப் போட்டு முடித்திருந்தான். வரிசை தவறாமல், கட்டத்துக்குள் அடங்கிய எண்கள். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தனக்குத் தானே ஒரு ஸ்டார் வரைந்துகொண்டிருந்தான். நீ புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாய். "மம்மி, இது சூப்பரா இருக்கு மம்மி, இன்னொண்ணு கொனவா?" என்று வாங்கித் தரச்சொல்லித் தெலுங்கும் கலந்து கெஞ்சினான் அவன். பள்ளியில் படித்தபோது பயிற்சித் தாள்களை வெறுத்தவள் நீ. அந்த வெறுப்பு அவனுக்கும் இருக்கும் என்று நினைத்திருந்தாய். எனக்குக் கட்டமும் வரிசையும் பிடிக்கும், என் மகளுக்கும் பிடிக்கும் என்று நான் நினைத்ததைப் போல.

"ஆஸ்பத்திரில பிள்ளைங்க மாறிப்போச்சு டீ" என்று சொல்லி நீ சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். மறுநாளே புத்தகம் ஜோயலுக்கு, காய்கறிக் கூடை யாழினிக்கு என்று ஆயிற்று. எது சிறந்த முறை என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தேன். யாருக்கு என்று நான் கேட்டதே இல்லை.

பிறகு வந்த மாதங்கள்தான் நம்முடைய நல்ல மாதங்கள். காலையில் உன் வீட்டுக் கூடத்தில் நான்கு பேரும். அவன் மேசையில், அவள் தரையில். யாழினிக்கு ஐந்து வந்தது, பிறகு ஆறு வந்தது. ஒருமுறை ஆறு முட்டை இருந்த ட்ரேயைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது அஞ்சும் ஒண்ணும். ரெண்டு மூணும்கூட!" என்று கூவினாள். நீ எழுந்துபோய் அவளைத் தூக்கிச் சுற்றினாய். நான் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. உன் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் உன் வயிற்றில் பிறந்தவள் போல நீ மகிழ்ந்தாய்.

உனக்கு மஞ்சள் காமாலை என்றுதான் தொடங்கியது. பத்தியம் இருந்தால் சரியாகிவிடும் என்றாய். பிறகு கல்லீரல் என்றார்கள், பெரிய ஆஸ்பத்திரி என்றார்கள். உன் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனியில் ஷிஃப்டு முடித்துவிட்டு யூனிஃபார்மோடு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கடைசியாக நான் பார்க்க வந்த மத்தியானம், உனக்குப் பேசவே களைப்பாக இருந்தது. ஜோயல் எந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்று கேட்டாய். கழித்தல் தொடங்கிவிட்டான் என்றேன். "ஹவ்?" என்று, அப்படியா என்பதைக் கேட்கும் உன் வழியில், கண்ணை விரித்தாய். கொஞ்ச நேரம் கழித்து என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்குப் புக் பிடிக்கும். குடு. ஆனா புக்குக்குள்ளேயே இருக்க விட்டுடாத" என்றாய். சரி என்றேன்.

நீ போன பிறகு ஜோயல் புத்தகத்தைத் தொடவில்லை. அண்ணன் வேலைக்குப் போகும் நேரத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தான். சாப்பிடுவான், கேட்டால் பதில் சொல்வான், மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். புதுப் பென்சில் வாங்கிக்கொடுத்தேன். ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டினேன். எதற்கும் அசையவில்லை. புத்தகம் வேண்டாம், உன் வழிக்கே போகலாம் என்று பட்டாணியும் கிண்ணமும் வைத்தேன். கிண்ணத்தைத் தள்ளிவிட்டான். அது நீ செய்தது. நான் செய்வதை அவன் பார்க்க விரும்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து நின்றார். "வேலூர்ல என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன்மா. அங்க நல்ல ஸ்கூல் இருக்கு. நான் ஷிஃப்டு, நைட்டுன்னு அலையறேன். உங்களுக்கும் பாரம்" என்றார். பாரம் இல்லை என்று சொன்னேன். ஆனால் உன் மகனை நான் தேற்றிவிடுவேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் மேசைக்கு அடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் நடந்ததை உனக்குச் சொல்லத்தான் இந்த மடலே. நான் சமையலறையில் இருந்தேன். யாழினி டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். எழுதவே மாட்டேன் என்று அடம்பிடித்தவள், ஜோயலின் பழைய பென்சிலை எடுத்து, தரையில் காலண்டர் தாளை விரித்து, கோணல் மாணலாக எழுதினாள்: 4 + 3 = 8. அதை மேசைக்கு அடியில் நீட்டினாள். "ஜோயல், டீச்சர் வந்திருக்கேன். இது உன் ஹோம்வொர்க்."

நான் திரும்பிப் பார்த்தேன். தப்பு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று உனக்குத் தெரியும்.

தாளை வாங்கிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான். மறுபடி வாங்கினான். பிறகு, "காது! காது!" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தான். இல்லை, இல்லை என்று தெலுங்கில் சொல்கிறான். யாழினி தன் காதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள். "எட்டு காது, ஏழு! யாழி, ஏழு!"

"ஏன் ஏழு?" என்றாள் அவள். கிண்டலாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

ஜோயலுக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவன் புத்தகத்தில் விடை எழுதக் கட்டம் இருந்தது, காரணம் எழுத இடமில்லை. என்னைப் பார்த்தான். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். பிறகு நேரே வந்து, என் கால் அருகே இருந்த கூடையிலிருந்து உருளைக்கிழங்குகளை அள்ளிக்கொண்டு போனான். தரையில் நான்கை ஒரு பக்கமும் மூன்றை ஒரு பக்கமும் வைத்தான். இரண்டையும் கையால் ஒதுக்கிச் சேர்த்தான். "இப்ப நீ கவுண்ட் பண்ணு" என்றான். அவள் விரல் வைத்து எண்ணினாள். "ஏழு!" என்று அவளே ஆச்சரியப்பட்டாள். தன் எட்டை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினாள். அவன் மூலையில் ஒரு ஸ்டார் வரைந்து கொடுத்தான்.

உன் மகன் புத்தகத்தை விட்டு வெளியே வந்துவிட்டான். என் மகள் தாளில் எழுதினாள். நான் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தபோது இருவரும் தரையில் கிடந்தார்கள். அவள் தப்பாக ஒன்று எழுதித் தருவதும், அவன் கத்திக்கொண்டு திருத்துவதுமாக வீடு ரெண்டுபட்டது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்தார். "சத்தம் போடறானே" என்றார். அவன் குரலை அவ்வளவு பெரிதாக அவர் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. "அண்ணா, வேலூர் வேண்டாம்" என்றேன். அவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து யாழினி பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் ஒரு ஹோம்வொர்க் குடும்மா டீச்சர்" என்றார்.

அவன் இங்கேதான், எதிர்வீட்டிலேயே இருக்கிறான். இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு என்ன வாங்கலாம் என்று நான் எங்கும் தேடவில்லை. பிள்ளைகளையே கேட்டேன். யாழினிக்கு மெல்லிய புத்தகம், நிறையப் படம். ஜோயலுக்குத் தடிமன்தான். சந்தைக்கு இருவரும் வருவார்கள். ஊரிலிருந்து அம்மா இன்னும் போன் செய்கிறாள், அங்கே எதிர்வீட்டுப் பிள்ளை இப்போது வாய்ப்பாடு சொல்கிறதாம். "நல்லா இருக்கட்டும்மா" என்கிறேன். உண்மையாகவே அப்படித்தான் தோன்றுகிறது. அந்தப் பயம் என்னைவிட்டுப் போய்விட்டது. அது இருந்த இடத்தில் உன் நிதானம் கொஞ்சம் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். நீ போன புதிதில் ஜோயல் எங்கள் கதவை விருந்தாளியைப் போலத் தட்டிவிட்டு, உள்ளே வரச் சொல்லும்வரை வெளியே நிற்பான். இப்போது தட்டுவதில்லை. தள்ளிக்கொண்டு வருகிறான், கதவு சுவரில் இடிக்கிறது. காலையில் எழுந்ததும், பால் காய்ச்சுவதற்கும் முன்னால், நான் போய்த் தாழ்ப்பாளை நீக்கி வைக்கிறேன்.