தெரிந்துதான் செய்தானா?

1996 செப்டம்பர் 9, திங்கள்
ஒரே வாரத்தில் கொலைக் கைதிகள் இருவரைக் கோர்ட் எங்கள் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறது. இருவரைப் பற்றியும் நான் பதில் சொல்லவேண்டிய கேள்வி ஒன்றுதான்: கொல்லும்போது, தான் செய்வது தப்பு என்று அவனுக்குத் தெரிந்திருந்ததா?

கோவிந்தப்பா, லாரி கிளீனர். ஹெப்பகோடிக்கும் அத்திபெலேவுக்கும் நடுவே, ஷிப்ட் முடிந்து நடந்துபோன நான்கு பெண்களை அவர்கள் முந்தானையாலேயே நெரித்துக் கொன்றவன். கம்மலுக்காகக் காதை அறுத்திருக்கிறான். ஓஸ்வால்ட், லிங்கராஜபுரத்தில் எலக்ட்ரீஷியன். வயரிங் வேலைக்குப் போன வீடுகளில் மூன்று பெண்களைச் சுத்தியலால் அடித்துக் கொன்றவன். கடைசியாக மௌரீன் என்ற கல்லூரிப் பெண். போட்டோவில் முகம் என்று ஒன்று மிச்சமில்லை.

இருவரில் யார் கொடியவன் என்று பேப்பர்காரர்கள் எடைபோடுகிறார்கள். மத்தியானம் சாப்பிடும்போது நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 17
கோவிந்தப்பா குரைக்கிறான். மலத்தைச் சுவரில் பூசுகிறான். மாட்டுக்கு எத்தனை கால் என்றேன்.
"அஞ்சு."
கைக்கு எத்தனை விரல்?
"ஆறு." சிரித்தான். "நான் ஹுச்சன் மேடம். பைத்தியம்னு எழுதிடுங்க."
எல்லாவற்றிலும் சரியாக ஒன்று அதிகம். சரியான விடை தெரியாதவனுக்கு இப்படித் தப்பாகச் சொல்ல வராது.

செப்டம்பர் 20
ஓஸ்வால்ட் அதிகம் பேசுவதில்லை. இன்று பேசினான்.
"அவங்க வேற ஆளுங்க மேடம். முகத்தை மாட்டிக்கிட்டு நின்னாங்க. நிஜமானவங்க உள்ள மூச்சு முட்டிக் கத்தினாங்க. உடைச்சுத் திறந்துவிட்டேன்."
"சுத்தியலை ஏன் கிணத்துல போட்டே?"
"அதுலயும் கத்தல் கேட்டுச்சு."
அரசு வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொள்வார். மறைத்தானென்றால் தப்பென்று தெரிந்திருக்கிறது — அப்படித்தானா? அடித்துச் சொல்ல முடியுமா என்னால்?

அக்டோபர் 3
எச்சில் விழுங்க முடியவில்லை. காலையில் ரவுண்ட்ஸின்போது கோவிந்தப்பா பின்னாலிருந்து என் முந்தானையைக் கழுத்தில் சுற்றி இறுக்கினான். சுவரில் தலை மோதியது. கண்ணெல்லாம் சிவப்பு. காதோரம் நிதானமாகச் சொன்னான்: "இப்ப எழுதுடி, எனக்குப் புத்தி சரியில்லன்னு." அட்டெண்டர்கள் ஓடிவரும் சத்தம் கேட்டதும் விட்டான். விட்டுவிட்டுக் குரைக்கத் தொடங்கினான்.

தூக்குல போடணும் அவனை. கால் துடிக்கிறதை நான் பாக்கணும். — இதை எழுதறது நான்தானா? ஆமா, நான்தான்.

அக்டோபர் 6
"போதும் ரமா, வேலைய விட்டுடு" என்கிறார் என் கணவர் வைத்தீஸ்வரன். என் கழுத்தைப் பார்க்காமலே பேசுகிறார், பாவம். கோவிந்தப்பா கேஸை வேறு டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். அவனிடம் அடிபட்ட நான் இனி அவனை எடைபோடக் கூடாது. ஓஸ்வால்ட் கேஸை விடவில்லை.

1997 ஜூலை 14
கோர்ட்டில் சாட்சி சொன்னேன். ஓஸ்வால்டுக்கு அந்த நேரத்தில் தப்பென்று தெரிந்திருக்கவில்லை என்றேன். கிணற்றைப் பற்றியே வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார். சுத்தியலிலும் அவனுக்குக் கத்தல் கேட்டது, மறைக்கப் போடவில்லை என்று நானும் திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

வெளியே மௌரீனின் அம்மா யூனிஸ் நின்றிருந்தார்.
"ஃபேன் மாட்ட வந்தவனுக்கு எம் பொண்ணு காபி போட்டுக் குடுத்தா டாக்டர். அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா நான் யார் மேல கோவப்படறது? சொல்லுங்க."
ஓங்கி அறைந்தார். உதடு கிழிந்தது. போலீஸ்காரர் வந்தார், வேண்டாமென்று கையைக் காட்டினேன்.

நவம்பர் 28
கோவிந்தப்பாவுக்குத் தூக்கு. ஓஸ்வால்ட் குற்றவாளி இல்லை. ஆனால் வீட்டுக்கு விடமாட்டார்கள். எங்கள் பூட்டிய வார்டில்தான் இருப்பான்.
சந்தோஷமா என்று வைத்தீஸ்வரன் கேட்டார். தெரியவில்லை.

1998 ஆகஸ்ட் 11
மருந்து கேட்டுவிட்டது. ஓஸ்வால்டுக்குக் குரல்கள் நின்று மாதக்கணக்காகிறது. இன்று கட்டிலடியில் சுருண்டு கிடந்தான், வாயெல்லாம் ரத்தம். சுத்தியல் பிடித்த கையை எலும்பு தெரியக் கடித்துக் குதறியிருந்தான்.

"அது மௌரீன்தான் மேடம். வேற யாரும் இல்ல. 'அடிக்காதீங்கண்ணா'ன்னு சொன்னா. அன்னிக்கு எனக்குக் கேக்கல. இப்ப கேக்குது."
தையல் போடும்போது முனகவில்லை. முடிந்தபிறகு சொன்னான்: "மாத்திரைய நிறுத்திடுங்க. எனக்குத் தெரிய வேணாம்."

ஆகஸ்ட் 12
மாத்திரையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். விழுங்கினான். நாக்கடியில் ஒளிக்கவில்லை என்று, நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினான்.