மஞ்சள் துணி சுற்றிய கை

மாரியம்மன் துணை

மல்லசமுத்திரம்,
சனிக்கிழமை

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கைகாலோடு இருக்கிறோம், அதை முதலில் எழுதிவிட்டேன், மீதியைப் பதறாமல் படி. அந்த ஜெர்மனிக் குளிரில் உன்னையும் அம்மன் அப்படியே வைத்திருக்கட்டும். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவகிட்ட எதுக்கு இதெல்லாம் என்று கண்ணைக் காட்டுகிறார், அதனால்தான் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

அப்பாவின் லாரி சாமான் கம்பெனியில் தகடு அமுக்கும் பிரஸ் மிஷினுக்கு மேலே கேமரா வைத்ததைச் சொன்னேன் அல்லவா. முன்பெல்லாம் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும், கை வெளியே இருந்தே ஆகவேண்டும். வேலை மெதுவாகிறது என்று பட்டனைக் கழற்றிவிட்டார்கள். இப்போது கேமராவே பார்த்து, கை உள்ளே இருந்தால் நிறுத்தும், இல்லையென்றால் தானே இறக்கும். எல்லார் கையையும் படம் படமாகக் காட்டிப் பழக்கினார்களாம். துடைக்கிற துணி கிடந்தாலும் கை என்று நினைத்து நின்று நின்று போனதால், துணிக்கு நிற்காதே என்றும் பழக்கிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மாரியம்மன் நோம்பிக்கு அப்பா கையில் காப்புக் கட்டினார். ஜேடர்பாளையம் போய்க் காவிரித் தீர்த்தம் எடுத்து வந்து அம்மனுக்கு ஊற்றி நோம்பி முடியும்வரை அவிழ்க்கக்கூடாது. காப்பில் கிரீஸ் படக்கூடாதென்று மஞ்சள் துணியை மணிக்கட்டிலிருந்து விரல்வரை சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். வியாழக்கிழமை தகடு கோணிக்கொண்டதென்று கையை உள்ளே விட்டிருக்கிறார், மிஷின் அதைத் துணி என்று எண்ணி இறங்கிவிட்டது. பக்கத்து மிஷின் பூபதி, மாமா என்று கத்திச் சட்டையைப் பிடித்து இழுத்ததில் துணி நுனி மட்டும் மாட்டிக் கிழிந்தது. காப்பு அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வந்து, மிஷினுக்கு நான் கந்தல் துணியாத் தெரிஞ்சனாம் சௌந்திரம், நீ தெனமும் என்னையக் கந்தல்னு சொன்னது சரிதான் என்று சிரித்தார். 

நேற்று கம்பெனி இன்ஜினியர் நவநீதகிருஷ்ணன் தம்பி பழம் வாங்கிக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை அப்பா அதேபோலத் துணி சுற்றிய கையைப் பிரஸ்ஸுக்கு அடியில் காட்டவேண்டுமாம், கேமரா அதையும் கற்றுக்கொள்ளுமாம். கரண்டை நிறுத்தீட்டுத்தானுங்கம்மா காட்டுவோம் என்றார். அது கத்துக்கிச்சுன்னு எப்படிங்க தம்பி தெரியும் என்று கேட்டேன். அப்பறம் ஓட உட்டுப் பார்ப்போமுங்க என்றார். ஆரு கையை வெச்சுங்க என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகப் பார்க்கும் என்கிறார். வீட்டுக் கணக்கில் ஒன்று இடித்தாலும் அது கிடைக்காமல் நான் அடுத்த பக்கம் திருப்பமாட்டேன், உனக்குத் தெரியும். அந்த ஒன்று யார் கை கண்ணு? அப்பாவோ, மொதலாளி கேட்டுட்டாரு, ஆத்தா பாத்துக்குவா, நீ சும்மா இரு என்கிறார். ஆத்தா ஒருதரம் பார்த்துக்கொண்டாள். அவளையே நித்தமும் மிஷின் பக்கத்தில் காவலுக்கு நிறுத்த முடியுமா? தெருவில் யார் கூப்பிட்டாலும் கம்பெனியிலிருந்து ஆள் வந்ததோ என்று ஓடுகிறேன்.

நீயும் அங்கே மிஷினுக்குப் படம் காட்டிப் பழக்குகிற வேலைதானே. என் பேச்சைக் கேட்காதவர் உன் பேச்சைக் கேட்பார். கழற்றிய பட்டனைத் திரும்ப மாட்டும்வரை அதில் நிற்கவேண்டாம் என்று சொல், அந்தத் தம்பியிடமும் பேசு. ஓட விட்டுத்தான் பார்க்கவேண்டும் என்றால் கைக்குப் பதிலாக இருக்கட்டும் என்று, வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் தார் வெட்டிய வாழை இருந்தது, தண்டை உரித்து அப்பா கை நீளத்துக்கு நறுக்கி அதே மஞ்சள் துணியைச் சுற்றி ஈரச்சாக்கில் வைத்திருக்கிறேன். சோற்றுப் பையில் நான் வைத்தால் கூச்சப்பட்டு எடுத்து வைத்துவிட்டுப் போய்விடுவார், நீ சொன்னால் கொண்டுபோவார்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமையாவது திருநீறு இட்டுக்கொள். நீ பழக்கும் மிஷினுக்கு எல்லார் கையையும் காட்டு சாமி, வளையல் போட்ட கை, மருதாணி வைத்த கை, விரல் போன கை எல்லாவற்றையும். உன் கையால் யாருக்கும் தீங்கு வராமல் அம்மன் உன்னை நூறு வருசம் வைத்திருக்கட்டும். திங்கட்கிழமை அப்பா கிளம்புமுன் கூப்பிட மறந்துவிடாதே. தண்டு நசுங்கினால் வேறு வெட்டிக்கொள்ளலாம்.

ஆசிகளோடும் பயத்தோடும்,
உன் அம்மா
சௌந்திரம்