நாற்பது சென்டிமீட்டர் சாளரம்

நாள் 211 / 07:10

காற்றழுத்தம் சரி. உள்வெப்பம் 21. நீர்ச்சுழற்சி சரி. இடம்: நிலவின் தென்முனை, மூன்றாம் நிலையம். பணியாளர் இருவர். இப்போது உள்ளே இருப்பவர் ஒருவர்: நிலையத் தலைவர் தணிகாசலம், அதாவது நான். தொழில்நுட்பர் செண்பகவடிவு நேற்று ரோவரில் பனிப்பள்ளத்துக்குப் போனார். நாள் 218 அன்று திரும்புவார்.

போகுமுன் மூன்றாவது முறையாக அதே மனுவைக் கொடுத்தார். தன் அமெச்சூர் ரேடியோவுக்கு நிலையத்தின் வெளிச்சுவரில் ஓர் ஆன்டெனா வேண்டுமாம். மூன்றாவது முறையாக நிராகரித்தேன். காரணம், விதி 14: வெளிச்சுவரில் சொந்தக் கருவிகள் கூடாது. தூத்துக்குடியில் இருக்கும் யாரோ ஒருத்தியிடம் "சாப்டியா" என்று கேட்பதற்காக மனிதகுலம் இவ்வளவு தூரம் வந்து இறங்கவில்லை. ரோவரில் மட்டும் ஒன்றை மாட்டி வைத்திருக்கிறார். ரோவர் விதி 14இன் கீழ் வராதாம். படித்துப் பார்த்திருக்கிறார்.

நாள் 213 / 14:32

விண்கல் விழுந்தது. கைமுட்டி அளவு இருக்கலாம். தகவல் கம்பம் முறிந்து வாசல் மீது சாய்ந்தது. கம்பத்தை வாசலுக்கு நேர் மேலே நிறுத்திய அறிவாளிக்கு ஒரு விருதும் கொடுத்திருக்கிறார்கள், நானும் கைதட்டினேன்.

நிலைமை: பூமியோடு தொடர்பு இல்லை. ரோவரின் அலுவல் ரேடியோவும் அந்தக் கம்பம் வழியாகத்தான் பேசும், எனவே வடிவோடும் தொடர்பு இல்லை. வாசலில் இரண்டு கதவுகள். உட்கதவின் சட்டம் வளைந்துவிட்டது. விரலளவு திறந்த நிலையில் இறுகிக் கிடக்கிறது. மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது. என் விண்ணுடை இரண்டு கதவுகளுக்கும் நடுவில் தொங்குகிறது. இடுக்கு வழியாக அதைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

நிலையத்தின் காற்று முழுவதையும் இப்போது வெளிக்கதவு ஒன்றுதான் பிடித்து வைத்திருக்கிறது. அதன் மோட்டார் செத்துவிட்டது. ஆனால் வெளியே கைப்பிடி உண்டு, சுற்றித் திறக்கலாம். ஐந்து நாளில் வடிவு வந்து சுற்றுவாள். சுற்றினால் நான் ஒரு நிமிடத்துக்குள் சாவேன். அதன் பிறகு காற்றில்லாத நிலையமும் மின்னூட்டம் தீர்ந்த ரோவருமாக அவள் நிற்பாள்.

நாள் 214 / 09:05

அவள் வராமல் இருந்தால் இருவருமே பிழைப்போம். பனிப்பள்ளத்திலிருந்து முப்பது கிலோமீட்டரில் பழைய சரக்குக்கலம் இருக்கிறது. அதில் ஒரு மாதத்துக்குக் காற்றும் உணவும் உண்டு. எனக்கு இங்கே இருப்பது போதும். நாள் 232 அன்று கப்பல் வருகிறது. ஒரே ஒரு வாக்கியம் அவளை எட்ட வேண்டும். நடுவில் மலைகள், எனவே அது பூமி வழியாகத்தான் அவள் ரோவரின் அமெச்சூர் ரேடியோவுக்குப் போக முடியும்.

அவள் அலமாரியை உடைத்தேன். இரண்டாவது ரேடியோ இருந்தது. கையடக்கம், ஐந்து வாட். கூடவே ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் "இடமில்லாதவர்களுக்கு ஆன்டெனா" என்று தலைப்பு. சிரிப்பு வந்தது. பிறகு உட்கார்ந்து அட்டை முதல் அட்டை வரை படித்தேன்.

நாள் 214 / 16:40

நிலையம் ஓர் அலுமினியப் பீப்பாய். ரேடியோ அலை வெளியேற ஒரே வழி, படுக்கையருகே உள்ள நாற்பது சென்டிமீட்டர் சாளரம். நல்லவேளையாக அது பூமியைப் பார்த்திருக்கிறது.

நீளக் கம்பி இழுக்க இடமில்லை. வளைய ஆன்டெனா சிறியதுதான், ஆனால் எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறும், பூமிவரை போகாது. இரண்டு மீட்டர் அலைக்குக் குச்சிகள் ஒரு மீட்டர் வேண்டும், சாளரத்துக்குள் அடங்காது. எழுபது சென்டிமீட்டர் அலைக்கு முப்பத்து மூன்று சென்டிமீட்டர் குச்சி போதும். ஆக, யாகி: ஒரு குழாயில் ஐந்து குச்சிகள், பழைய வீட்டு மாடிகளில் டிவிக்கு இருந்ததே, அதன் குட்டி. முடிவு செய்ய எனக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. அவள் நோட்டில் அது ஒரு வரி.

நாள் 215 / 11:20

இரும்பு அளவுநாடாவை வெட்டிக் குச்சிகள் செய்தேன். நீர்க்குழாய் ஒன்றில் கட்டினேன். நீட்டி வைக்க இடம் போதவில்லை, என் படுக்கையை அறுத்து எடுத்தேன். இனி தரையில் தூக்கம்.

பேசினேன். ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை.

நோட்டின் ஒன்பதாம் பக்கம்: வெயிலைத் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடி அலையையும் தடுக்கும். நம் சாளரத்தின் உட்புறம் முழுக்கத் தங்கப் பூச்சு. அதைப் பரிந்துரைத்த குழுவின் தலைவர் யார் என்று இந்தக் குறிப்பைப் படிப்பவர் தேட வேண்டாம். நான்தான்.

கத்தியால் சுரண்டுகிறேன்.

நாள் 215 / 19:48

சாளரச் சட்டத்தின் உலோகம் அருகில் இருப்பதால் ஒவ்வொரு குச்சியிலும் அரை சென்டிமீட்டர் குறைத்தேன். இரைச்சலுக்கு அடியில் ஒரு பெண்குரல் வந்தது.

"வடிவு, வடிவு, ஜெனோவா கூப்பிடுதேன், தூத்துக்குடி. இன்னைக்கும் சத்தத்தக் காணோம். தண்ணித்தொட்டி மேல ஏறி ஆன்டெனாவ நேராக்கிட்டேன் புள்ள. துணி காயப்போடுத கொடிக்கம்பிக்கு எடமில்லன்னு வீட்டுக்காரர் வேற கத்துதாரு. கேக்குதா?"

இரண்டரை நொடி கழித்துத்தான் எதுவும் போய்த் திரும்பும். என் பெயர், பதவி, நிலைய எண் எல்லாம் சொன்னேன்.

"அய்யோ சார், நீங்களா! அந்த ஆன்டெனா வேண்டாம்னு சொன்ன சாரா?"

மீன் ஐஸ் கம்பெனியில் இயந்திரம் பார்ப்பவளாம். மொட்டைமாடியில் பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி இடத்தில் நான்கு பெரிய யாகிகளை நிறுத்தியிருக்கிறாள். இவள் கையில் என் உயிர். வாக்கியத்தைச் சொன்னேன்: வெளிக்கதவைத் திறக்காதே, சரக்குக்கலத்துக்குப் போ. மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். மூன்றாவது முறை அழுதாள். இயந்திரம் பார்ப்பவள் அழலாமா?

நாள் 216 / 03:15

ஜெனோவா தலைமையகத்துக்கும் சொல்லிவிட்டாள். அவர்கள் பதிலை அப்படியே படித்துக் காட்டினாள்.

"'தகவல் பெறப்பட்டது. நிலையத் தலைவர் அனுமதியற்ற அலைவரிசையைத் தவிர்க்கவும்.' இம்புட்டுதான் சார் எழுதியிருக்காங்க. இவங்களுக்கெல்லாம் யாரு சார் சம்பளம் குடுக்கா?"

நடையை வைத்துப் பார்த்தால் என்னிடம் பயிற்சி பெற்ற யாரோ எழுதியது.

வடிவு பள்ளத்தின் அடியில் இருக்கிறாள். அங்கிருந்து பூமி தெரியாது. மேலே ஏறியதும் ஜெனோவாவின் குரல் அவளுக்குக் கேட்க வேண்டும். நிலவு தூத்துக்குடிக்கு மேலே இருக்கும்வரை அழைத்துக்கொண்டே இருக்கச் சொன்னேன்.

நாள் 216 / 20:30

கிடைத்துவிட்டது.

"சார், வடிவு பேசிட்டா. வண்டியத் திருப்பிட்டா. சரக்குக்கலத்துக்குப் போறாளாம். 'சார பதறாம இருக்கச் சொல்லு, அவருக்கு ரொம்ப நன்றின்னு சொல்லு, அவரு மேல எனக்கு எப்பவும் மரியாதை உண்டு'ன்னா. நீங்க கொஞ்சம் தூங்குங்க சார்."

நாள் 217 / 07:20

தூங்கினேன். ஏழு மாதத்தில் முதல் முறையாக நன்றாகத் தூங்கினேன். பூனைக்குட்டிபோல் சுருண்டு, தரையில்.

நாள் 217 / 21:02

இன்று நிலவு எழுந்தும் வெகுநேரம் அவள் அழைக்கவில்லை. நான்தான் அழைத்தேன்.

"சார்... நான் ஒண்ணு சொல்லணும். வடிவு பேசல சார். மூணு நாளா தொண்டை கிழியக் கூப்பிட்டேன், ஒரு சத்தமும் இல்ல. நேத்து உங்க குரல் ரொம்ப மோசமா இருந்துச்சு. பயந்துட்டேன். ராத்திரிக்குள்ள எப்படியும் அவ கிடைச்சிருவா, பொறவு நெசமாவே சொல்லிரலாம்னு நெனச்சேன். கிடைக்கல சார். மன்னிச்சிருங்க."

திட்டினேன். இந்தப் பதிவேட்டில் எழுத முடியாத சொற்களால் திட்டினேன். இரண்டரை நொடிக்கு ஒருமுறை அவள் "சரி சார்" என்றாள்.

பிறகு யோசித்தேன். வடிவு எனக்கு நன்றி சொன்னாளாம். என்மேல் மரியாதையாம். ஏழு மாதம் ஒரே பீப்பாயில் அவளோடு இருந்தவன் நான். பள்ளிப் பிள்ளைகூட நம்பாத பொய். நான் நம்பினேன், ஏனென்றால் கேட்க நன்றாக இருந்தது. ஜெனோவாவாவது இரக்கத்தால் முட்டாள். நான் வெறும் முட்டாள்.

ஒரு முழுநாள் போயிற்று. மறுபடி அழைக்கச் சொன்னேன்.

நாள் 218 / 05:50

ஜெனோவா விடாமல் அழைக்கிறாள். குரல் கட்டிவிட்டது. பதில் இல்லை. நிலையம் மௌனமாக இருப்பதைக் கண்டு வடிவு பயந்திருப்பாள். பயந்தால் நின்று ரேடியோவைத் திருகுகிறவள் இல்லை. வண்டியை விரட்டுகிறவள்.

நாள் 218 / 06:31

தரை அதிர்கிறது. ரோவர்.

"சார், நிலவு எறங்குது, தென்னமரத்துக்குப் பின்னால போயிருச்சு, உங்க சத்தம் கொறையுது. சார், இருக்கீங்களா? நான் ஜெபம் பண்ணுதேன் சார், வேற என்ன செ..."

போய்விட்டாள்.

நாள் 218 / 06:44

சாளரத்திலிருந்து ஆன்டெனாவைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுவந்தேன். உட்கதவின் இடுக்கில் நுழைத்து அழைக்கிறேன். வடிவு திறக்காதே. வடிவு திறக்காதே. வெளிக்கதவு முழு உலோகம். தெரியும். அழைக்கிறேன்.

06:49

கைப்பிடி சுற்றும் சத்தம். முழுதாகத் திறக்க இருபது சுற்று. மெதுவாகத்தான் சுற்றுகிறாள், களைத்திருக்கிறாள். நான்கு. ஐந்து.

இதைக் கண்டெடுப்பவருக்கு: கதவைத் திறந்தவருக்கு எதுவும் தெரியாது. விசாரணைக் குழு என்று ஒன்று உட்காரும், எனக்கு அந்தக் கும்பலைத் தெரியும். அவள் பெயரை அதில் இழுக்கா

06:50

சுத்தியலால் கதவுச் சட்டத்தை அடித்தேன். நிறுத்து, நிறுத்து என்று அடித்தேன்.

சத்தம் நின்றது.

மறுபடி ஆரம்பித்தது. இப்போது இரண்டு மடங்கு வேகம். உள்ளே நான் உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.