சுத்தத் தண்ணீர்த் தட்டு

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் சுகம். உன் சுகம் கேட்கலாம் என்று போன் போட்டால் நீ எடுப்பதில்லை. மாப்பிள்ளைதான் எடுத்து, "தூங்குறா அக்கா" என்கிறார். பட்டப்பகலில் தூங்குகிறவளா நீ? அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய இலைப் பொட்டலம் வாடாமல் வந்து சேர்ந்தது. பிள்ளை வயிற்றிலேயே போனதற்கு ஜன்னலோரத்துக் குரோட்டன்ஸ்தான் காரணம் என்று உன் மாமியார் சொன்னாராம். "ஆசைப்பட்டு வாங்கி வெச்சவளே நான்தானே" என்று நீயும் அழுதாயாம். அழகுச் செடிகளின் சாற்றை மீன் கருக்களில் விட்டு நஞ்சு பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் இலையை எனக்கே அனுப்பிவிட்டாய்.

மீன் முட்டை கடுகளவுதான் இருக்கும், கண்ணாடி மாதிரி. நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே இதயம் துடிப்பது தெரியும். உன் செய்தி வந்த பிறகு அதைப் பார்க்க மனசு வரவில்லை. உனக்காகப் பார்த்தேன்.

முதல் முறை சாறு விட்ட அத்தனையும் செத்துப்போயின. செடிதான் என்று மாப்பிள்ளைக்குச் சொல்லப் போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். எங்கள் ஆய்வக மேடம் எட்டிப் பார்த்து, "சாறு எடுக்க ஸ்பிரிட் விட்டீங்களே, வெறும் ஸ்பிரிட் விட்ட தட்டு எங்க?" என்றார். சாறில்லாமல் ஸ்பிரிட்டை மட்டும் விட்டு, ஒப்பிட்டுப் பார்க்க வைப்பது; நான் வைக்கவே இல்லை. நேற்றுச் சேர்ந்தவர்கள்கூட மறக்காத தட்டு அது. என்னை அவசரக்குடுக்கை என்று நீ சொல்வது சரிதான். வைத்துப் பார்த்தால் அதிலும் எல்லாம் செத்தன. கொன்றது ஸ்பிரிட், பழி செடிக்கு.

பிறகு தண்ணீரிலேயே சாறு இறக்கினேன். கெட்டியாக விட்டதில் சிலவற்றுக்கு முதுகு வளைந்தது, மறைக்க மாட்டேன். நீர்க்க விட்டவை பொரிந்து நன்றாகவே நீந்தின. மீனை வைத்து மனுஷிக்குச் சத்தியம் செய்ய முடியாதுதான். ஆனால் நீ செடிக்குத் தண்ணீர் ஊற்றினாய், இலையைத் துடைத்தாய். அரைத்தா குடித்தாய்?

சொல்ல வந்தது இனிமேல்தான். ஒவ்வொரு முறையும் எதுவும் கலக்காத சுத்தத் தண்ணீரில் ஒரு தட்டு வைப்போம். அதே முட்டைகள், அதே சூடு, ஒரு குறையும் கிடையாது. அதிலும் ஒன்றிரண்டு காலையில் செத்து வெளுத்துக் கிடக்கும். ஏன் என்று மேடத்துக்கும் தெரியாது. எங்கள் விதிமுறையே அதற்கு இடம் விட்டுத்தான் இருக்கிறது. தண்ணீர் செய்த தப்பு என்று இதுவரை ஒருவரும் எழுதியதில்லை.

இந்த முறையும் ஒன்று அப்படிப் போயிற்று. முந்தின நாள் அதன் துடிப்பைப் பார்த்திருந்தேன். இத்தனை வருஷ வேலையில் முதல்முறையாக மேஜை முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன்.

செடியைத் தூக்கி எறிந்துவிட்டாயாமே. போகட்டும். அதோடு உன்னையும் எறிந்துவிடாதே. வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் செய்வேன். பேச வேண்டாம், அழவும் வேண்டாம். எடுத்துக் காதில் வைத்துக்கொள். நீ மூச்சு விடுவது எனக்குக் கேட்டால் போதும்.

நன்றாயிருடி கண்ணு.

உன் அக்கா